8085 கிட்டில் இடம் மாறிய முகவரி

பகிர்வு 1

பாலிடெக்னிக்கில் படித்தபோது, இன்டெல்லின் 8085 என்ற நுண்செயலிக்கான ஆய்வகத்தில் எங்களுக்குத் தரப்பட்ட பயிற்சிக் கிட்டில் திரை கிடையாது. ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்களுக்கான விசைகளும், முகவரிக்கு நான்கும் தரவுக்கு இரண்டுமாக ஆறு சிவப்பு இலக்கங்களுமே இருந்தன. 5-ஐயும் 3-ஐயும் கூட்டி, விடையை 4150 என்ற நினைவக முகவரியில் வைப்பதே அன்றைய பயிற்சி. சேமிக்கும் கட்டளையான எஸ்.டி.ஏ.வுக்குரிய 32-ஐ இட்ட பின், வாசிக்கும் வரிசையிலேயே 41, 50 என்று உள்ளிட்டேன். ஓட்டிப் பார்த்தால் 4150-இல் விடை இல்லை. கூட்டலில்தான் பிழை என்று நம்பி, சரியாக இருந்த வரிகளையே வெகுநேரம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வக உதவியாளர் எட்டிப் பார்த்து, "கீழ் பைட்டை முதல்ல போடு தம்பி" என்று மட்டும் சொல்லிச் சென்றார். முகவரியின் கடைசி இரண்டு இலக்கங்களான 50-தான் அந்தக் கீழ் பைட், அதாவது கீழ் 8 பிட். 50, 41 என்று மாற்றியதும் 08 தெரிந்தது.

8085-இன் முகவரி 16 பிட், ஆனால் தரவு ஒருமுறைக்கு 8 பிட்தான் உள்ளே வரும். எனவே முகவரியை அது இரண்டு துண்டுகளாகத்தான் வாங்க முடியும் என்பது அன்று விளங்கியது. கீழ்த்துண்டுக்கு ஏன் முன்னுரிமை என்பது விளங்கவில்லை.

பகிர்வு 2

ஐயா, 8088 செயலி கொண்ட பி.சி.யில் எனக்கும் இதே கேள்வி எழுந்தது. டாஸ் இயங்குதளத்தில், நினைவகத்தைக் காட்டும் டீபக் நிரலைக் கொண்டு பார்த்தபோது, 1234 என்று சேமித்த எண் 34 12 என்று கிடந்ததால், நினைவகச் சில்லு பழுது என்றே முடிவு செய்துவிட்டேன்.

காரணம் டேட்டாபாயிண்ட் 2200 என்ற அமெரிக்கக் கணினி முனையத்தில் (திரையும் விசைப்பலகையும் கொண்ட கருவி) இருக்கிறது. அதன் செயலகம் ஒரு நேரத்தில் ஒரு பிட்டையே கையாண்டது. நாம் ஒன்றாம் இடத்தில் கூட்டத் தொடங்கி, மிஞ்சியதைப் பத்தாம் இடத்துக்கு எடுத்துச் செல்வதைப் போல, அதற்கும் கீழ்ப்பகுதியே முதலில் தேவைப்பட்டது. அந்தச் செயலகத்தை ஒரே சில்லில் அடக்கும் முயற்சியாகவே இன்டெல்லின் 8008 உருவாகி, 1972-இல் வெளிவந்தது. முனையத்தைச் செய்த நிறுவனம் அச்சில்லைத் தன் முனையத்தில் பயன்படுத்தவில்லை என்பது இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது. 8008 எட்டு பிட்டையும் ஒருசேரக் கூட்டியதால் பழைய காரணம் அங்கேயே மறைந்துவிட்டது. கீழ் பைட் முதலில் என்ற வரிசையோ 1974-இன் 8080, தங்கள் 8085 ஆகியவற்றைக் கடந்து, 1981-இல் ஐ.பி.எம். பி.சி.க்குள் அமர்ந்த 8088 வரை வந்து சேர்ந்தது.

தாங்கள் முதலில் இட்ட வரிசைப்படி செயலி விடையை 5041-க்கே அனுப்பியிருக்கும். கிட்டில் அந்த முகவரிக்கு ரேம் இருந்திருந்தால், அந்த 08 அங்கே பத்திரமாக இருந்திருக்கும்.