புதுப்பிப்பு: கொல்கத்தாவில் மலிவான தெருவோர உணவு

கொல்கத்தாவில் குறைந்த செலவில் தெருவோர உணவை எங்கே சுவைக்கலாம் என்று இவ்விழையில் கேட்டிருந்தேன். பலரும் டேக்கர்ஸ் லேனைப் பரிந்துரைத்திருந்தீர்கள். நகரின் மையப் பகுதியான எஸ்பிளனேடு அருகே, அலுவலகங்கள் சூழ்ந்த அந்தச் சந்தில் மதிய வேளையில் நிற்கவே இடமில்லை. காய்கறி சேர்த்த கோழி ஸ்டியூ, மிளகின் இளங்காரத்தோடு, சுட்ட ரொட்டிக்கு மிகப் பொருத்தமாக இருந்தது.

எனினும் என்னைக் கவர்ந்தது புச்காதான். பார்ப்பதற்குப் பானி பூரி போல இருந்தாலும், வேகவைத்த உருளைக்கிழங்கோடு கொண்டைக்கடலை, பச்சை மிளகாய், வறுத்த சீரகப் பொடி, புளி ஆகியவற்றைக் கையாலேயே பிசைந்து, பூரியைக் கட்டைவிரலால் உடைத்து நிரப்பி, புளித்தண்ணீரில் முக்கி, இலைத் தொன்னையில் ஒவ்வொன்றாக வைக்கிறார்கள். முதலாவதை விழுங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் பேசுவதற்கு வழியே இல்லை. இறுதியில் தண்ணீரில்லாத ஒன்றை இலவசமாகக் கேட்டு வாங்குவதை அவ்வூர்க்காரர்கள் உரிமையாகவே கருதுகிறார்கள்.

தண்ணீரைப் பற்றி எச்சரித்தவர்களுக்கு: கூட்டம் மொய்க்கும் கடைகளில் மட்டுமே உண்டதாலோ என்னவோ, வயிற்றுக்கு எந்தத் தொந்தரவும் வரவில்லை.

சைவ உணவு பற்றிக் கேட்டவர்கள் ஜால்முரியைத் தயங்காமல் வாங்கலாம். பொரியில் வெங்காயம், தேங்காய்ச் சில்லு, பச்சைக் கடுகெண்ணெய் சேர்த்துக் குலுக்கிக் காகிதப் பொட்டலத்தில் தருவார்கள். நெடி பழகாதவர்கள் எண்ணெயைக் குறைக்கச் சொல்வது நல்லது.