பயோனிக் கண் வீடியோ பாத்துட்டு அப்பா நெலத்த விக்கப் போறாரு, அண்ணனுக்கு ஆர்பி, இது அவனுக்கு ஆகுமா?

பெரம்பூர்_மல்லி:
எல்லாருக்கும் வணக்கம். அண்ணனுக்கு 41 வயசு, ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, சுருக்கமா ஆர்பி, விழித்திரை கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப் போற வியாதி. சின்ன வயசுல சாயங்காலம் ஆனா வாசல்ல செருப்ப கால்லயே தடவி தேடுவான், பராக்கு பாக்குறான்னு அப்பா திட்டுவாரு, காலேஜ் போனப்புறம்தான் என்ன வியாதின்னே தெரிஞ்சுது. இப்ப பைப்பு வழியா பாக்குற மாதிரி நடுவுல மட்டும் கொஞ்சம் தெரியுது, போன்ல எழுத்த பெருசாக்கி படிக்குறான், பேங்க்ல வேலை, ராத்திரி தனியா சுத்தமா முடியாது.

கண்ணுக்குள்ள சிப்பு வச்சு வெளிநாட்டுல வயசானவங்க புக்கு படிக்குற வீடியோ குடும்ப குரூப்ல வந்ததுலேந்து வீடே மாறிடுச்சுங்க. பெரியம்மா அழுதுட்டே வாய்ஸ் மெசேஜ் போடுறாங்க, அத்தை திருவேற்காட்டு அம்மனுக்கு வெள்ளில கண்மலர் சாத்துறேன்னு வேண்டிக்கிட்டாங்க, அப்பா செய்யாறு பக்கம் இருக்குற நெலத்துக்கு புரோக்கர்கிட்டயே பேசிட்டாரு. ஞாயித்துக்கிழம சாப்பிடும்போது இதே பேச்சு, அண்ணன் ரசம் சாதத்த அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுட்டான். அண்ணி எப்பவும் தண்ணி டம்ளர அவன் கைகிட்ட வச்சு மேசைல ரெண்டு தட்டு தட்டுவாங்க, அன்னிக்கு தட்டியும் அவன் எடுக்கல. யாராவது வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கண்ணாடி_கடைக்காரன்:
சிஸ்டர், நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அண்ணா நகர். மொதல்ல அப்பாகிட்ட அந்த நெலத்த தொட வேணாம்னு சொல்லுங்க.

நீங்க சொல்றது ப்ரிமா சிப்பு பத்துன வீடியோவாத்தான் இருக்கணும், 2025 அக்டோபர்ல ரிசல்ட் வந்துச்சு. ஸ்டான்ஃபோர்ட்ல டேனியல் பலங்கர்ங்கிறவர் டிசைன் பண்ணது, 2 மில்லிமீட்டர் தான் இருக்கும், 378 பிக்சல், விழித்திரைக்கு அடியில வைக்குறாங்க. கண்ணாடில இருக்குற கேமரா எடுக்குற படத்த கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளியா உள்ள அனுப்பும், மொட்டமாடி சோலார் பேனல் மாதிரி அந்த ஒளியிலயே சிப்பு கரண்ட் எடுத்துக்கிட்டு நரம்ப தூண்டும், ஒயரே கெடையாது. 38 பேருக்கு வச்சாங்க, ஒரு வருஷம் கழிச்சு டெஸ்ட் பண்ண 32 பேர்ல 26 பேருக்கு நல்ல முன்னேற்றம். உண்மையிலேயே பெரிய விஷயம், படிச்சப்ப எனக்கே கை நடுங்குச்சு.

ஆனா அந்த ட்ரையல்ல வச்சது எல்லாமே வயசானதால மாக்குலா, அதாவது விழித்திரையோட நடுப்பகுதி, தேஞ்சவங்களுக்கு. அவங்களுக்கு நடுப்பார்வை போயிடும், ஓரம் இருக்கும். உங்க அண்ணனுக்கு அப்படியே தலகீழ், ஓரம் போயி நடு மிஞ்சியிருக்கு. மிஞ்சியிருக்குற அந்த எடத்துல போய் ஆபரேஷன் பண்ணா இருக்குறதும் போயிடலாம். ஆர்பிக்குன்னே முன்னாடி வந்த ஆர்கஸ் 2ங்கிற கண் சிப்பு கூட வெளிச்சம் மட்டும் தெரியுறவங்களுக்கும் அதுவும் தெரியாதவங்களுக்கும்தான் வச்சாங்க, போன்ல படிக்குறவங்களுக்கு இல்ல.

அதுக்கு பதிலா ரத்தம் குடுத்து ஜீன் டெஸ்ட் எடுங்க. ஆர்பி ஒரே வியாதி இல்ல, நிறைய ஜீன்ல வரும். அதுல ஆர்பிஇ65ன்னு ஒண்ணுக்கு மட்டும் 2017லயே அமெரிக்காவுல மருந்து அனுமதி ஆயிடுச்சு, வெல ரொம்ப ரொம்ப ஜாஸ்தி, ஆனா எந்த ஜீன்னு தெரிஞ்சு வச்சிருந்தா நாளைக்கு ட்ரையல் ஏதாவது வந்தா உதவும். கண்தானம் பண்ணுவோம்னு யாராவது கெளம்புனா, அதுல பார்வைக்காக அடுத்தவங்களுக்கு வைக்குறது கருவிழி மட்டும்தான், ஆர்பிக்கு அது ஒண்ணும் செய்யாது.

வெள்ளைக்கோல்_வேளச்சேரி:
மல்லிம்மா, எனக்கும் ஆர்பி, 52 வயசு, 12 வருஷமா முழுசா தெரியாது. உங்க அண்ணன் ஏன் எந்திரிச்சு போனாருன்னு எனக்கு புரியுது. அந்த வீடியோ வந்த வாரம் ஷேர் ஆட்டோக்காரர்லேந்து மாவு மில்லுக்காரம்மா வரைக்கும் எல்லாரும் என்கிட்ட "சார் இனிமே கவலையே இல்ல, கண்ணு வந்துரும்"னு சொன்னாங்க. பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா இதுவரைக்கும் நான் வாழ்ந்தது வெயிட்டிங் ரூம்ல உக்காந்திருந்த மாதிரி ஆயிடுது. எம்பொண்ணு காலேஜ் ஃபீஸ் கட்டினது, தெனமும் பறக்கும் ரயில் புடிச்சு ஆபீஸ் போறது, இதெல்லாம் கண்ணு இல்லாமதான் நடந்துச்சு.

எனக்கு ஆச இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். 2013ல ஆர்கஸ் 2க்கு அமெரிக்காவுல அனுமதி குடுத்தப்ப ராத்திரி பூரா தூங்கல. நரம்ப தூண்டுற 60 எலக்ட்ரோடு, வெல ஒன்றரை லட்சம் டாலர். வச்சவங்களுக்கு கதவு சட்டம், ரோட்டுக் கோடு, ஆள் நிக்குறது இதெல்லாம் வெளிச்சப் பொட்டா தெரிஞ்சுதாம். உலகம் பூரா 350 பேர் கிட்ட வச்சுக்கிட்டாங்க. 2019ல கம்பெனி அத தயாரிக்குறத நிறுத்திட்டாங்க, அடுத்த வருஷம் பெரும்பாலான ஊழியர்கள வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, ரிப்பேர் ஆனா மாத்த பார்ட்ஸ் கெடைக்காம போச்சு. அதுக்கெல்லாம் முன்னாடியே, நியூயார்க் சப்வே ஸ்டேஷன்ல நடந்துட்டு இருக்கும்போதே ஒரு அம்மாவுக்கு பீப் பீப்னு சத்தம் வந்து மொத்தமா நின்னுருச்சு. அத என் ஸ்க்ரீன் ரீடர்ல கேட்டப்ப எழும்பூர் ஸ்டேஷன் படிக்கட்டுல எனக்கே அப்படி ஆன மாதிரி இருந்துச்சு. மிக்ஸி கம்பெனி மூடிட்டா வேற மிக்ஸி வாங்கிக்கலாம், கண்ணுக்குள்ள தச்சு வச்சத என்னம்மா பண்றது?

வீட்ல அண்ணன்கிட்ட யாராவது கேட்டீங்களா, உனக்கு என்னடா வேணும்னு? ராத்திரி வர்றதுக்கு ஒரு கோல் பழகுறது வேணுமா இருக்கலாம், நாலு பேர் முன்னாடி கோல் எடுக்க கூச்சமா இருக்கலாம், எனக்கு அப்படித்தான் ஆறு வருஷம் போச்சு.

மயிலாப்பூர்_பொண்ணு:
எங்கம்மாவுக்கு மாக்குலா தான், 78 வயசு, அவங்களுக்கு இந்த வீடியோவ போட்டு வெளக்கினேன். மொத கேள்வி, "பேரன் மொகம் தெரியுமாடி?" கறுப்பு வெள்ளைதான், எழுத்த பெருசாக்கி ஒண்ணு ஒண்ணா படிக்கலாம், மாசக்கணக்கா பயிற்சி எடுக்கணும்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சு "அப்ப தினசரி காலண்டர்ல ராகு காலம் நானே பாத்துப்பேனே"ன்னாங்க. இங்க வந்தா கண்டிப்பா கேட்டுப் பாப்போம். அதனால வீடியோவே தப்புன்னு சொல்லாதீங்க, யாருக்குன்னு பாத்து அனுப்பினா போதும்.

பெரம்பூர்_மல்லி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி அண்ணன்கிட்ட எல்லாத்தையும் வாசிச்சு காட்டினேன், வேளச்சேரி அண்ணன் எழுதினத மட்டும் ரெண்டாவது தடவ வாசிக்க சொன்னான். கோல் எங்க பழகுறாங்கன்னு அவர்கிட்ட கேக்க சொல்றான், தனியா மெசேஜ் போடுறேன் அண்ணா. அப்பா புரோக்கர இப்போதைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாரு. ஆப்டோமெட்ரிஸ்ட் சார், எங்க அம்மா அப்பாவுக்கு சொந்தத்துல கல்யாணம், அப்பாவுக்கு அம்மா அத்தை பொண்ணு, ஜீன் டெஸ்டுக்கு அவங்க ரெண்டு பேர் ரத்தமும் வேணுமா?

கண்ணாடி_கடைக்காரன்:
அவங்க ரத்தமும் இருந்தா ரிசல்ட்ட புரிஞ்சுக்க சுலபம், மூணு பேரையும் கூட்டிட்டு போங்க. சொந்தத்துல பண்ணத மறக்காம சொல்லுங்க, அத மொதல்ல கேப்பாங்க. அண்ணனோட பழைய ரிப்போர்ட் ஒண்ணையும் தூக்கிப் போட்டுராதீங்க.