சங்கமன்கண்டிக்கு வெளியே ரேடார் படத்தில் கறுப்புத் திட்டு: எண்ணெயா, காற்றா?

கேள்வி (பொத்துவில்_கரை):
இலங்கையின் கிழக்குக் கரையில் சங்கமன்கண்டிக்கு வெளியே ஒரு படம்: சென்டினல்-1 ரேடார் செய்மதியின் ஜிஆர்டி (முன்செயலாக்கிய) வகை, விவி துருவம் (செங்குத்தாக அனுப்பிச் செங்குத்தாக வாங்கிய அலை), விடியற்காலை 6 மணியளவில் எடுத்தது. ஸ்நாப் என்கிற செய்மதிப்பட மென்பொருளில் எண்ணெய்க் கசிவு கண்டறியும் கருவியை, அதில் வருகிற அமைப்புகளை மாற்றாமலே ஓட்டினேன். கரையோரம் முழுக்க நூற்றுக்கணக்கான திட்டுகள். ஆனால் நடுக்கடலில் கண்ணுக்கே தெரிகிற பெரிய திட்டில் ஓரம் மட்டும்தான் பிடிபடுகிறது, உள்ளே வெறுமை. எங்கே பிழை?

பதில் 1 (வாவிமுனை):
இரண்டும் வேறு வேறு பிழை. பெரிய திட்டின் கதை இது: ஒவ்வொரு புள்ளியையும் சுற்றுப்புறத்தோடு ஒப்பிடக் கருவி எடுக்கும் சதுரம், அதாவது பின்னணிச் சாளரம், 61 பிக்சல். 10 மீற்றர் பிக்சலில் அது 610 மீற்றர்தான். திட்டு ஒன்றரைக் கிலோமீற்றர் அகலமென்றால், நடுவில் சாளரம் முழுவதும் கறுப்புக்குள்ளேயே விழுந்துவிடும். சுற்றியுள்ளதைவிட 2 டெசிபெல் (எதிரொலி வலிமையின் அளவு) குறைவா என்று பார்க்கிற கருவிக்கு, சுற்றியுள்ளதும் எண்ணெய்தான். அளவுதிருத்தம் முடிந்ததும் 4×4 மல்டிலுக் போட்டு, அதாவது பக்கத்துப் பிக்சல்களைச் சராசரியாக்கி, பிக்சலை 40 மீற்றராக்குங்கள். அதே 61 பிக்சல் 2.4 கிலோமீற்றராகிவிடும். ஸ்பெக்கிள் எனும் புள்ளிப் புள்ளியான ரேடார் இரைச்சலும் அடங்கும்.

கரையோரத் திட்டுகள் பெரும்பாலும் காற்றில்லாத நீர். இந்த ரேடாரின் அலைநீளம் 5.5 சென்ரிமீற்றர், ஐந்து சென்ரிமீற்றர் அளவுச் சிற்றலை இருந்தால்தான் கடல் வெளிச்சமாகத் தெரியும். எண்ணெய் அதை அமுக்கும், காற்று ஓய்ந்தாலும் அது எழாது. ரேடாருக்கு இரண்டும் ஒரே கறுப்பு. காற்று 3 முதல் 10 மீற்றர்/செக்கனுக்குள் இருந்தால் மட்டும் படத்தை நம்புங்கள்.

பதில் 2 (ஒலுவில்_தெற்கு):
கச்சான் காலத்தில் காற்று தரையிலிருந்து வீசும். கரையை ஒட்டிய நீர் மறைவில் கிடப்பதால், நாக்கு நாக்காகக் கறுப்பு நீளும். வாவியையும் கரைக்கோட்டு வெக்டரால் (கரையை வரைந்த வரைபடக் கோப்பு) மறையுங்கள், அமைதியான வாவி நீர் அசல் எண்ணெய் மாதிரியே தெரியும். விஎச் பட்டையை (செங்குத்தாக அனுப்பிக் கிடையாக வாங்கியது) இதற்குள் இழுக்க வேண்டாம். கடலில் அது இரைச்சல் மட்டத்துக்கு அருகிலேயே கிடக்கும்.

வடிவத்தையும் பாருங்கள். கப்பல் தாங்கியைக் கழுவி விட்ட எண்ணெய் என்றால் ஒடுங்கிய நீள்கோடு, சில வேளை நுனியில் வெள்ளைப் புள்ளியாகக் கப்பலே இருக்கும்.

பொத்துவில்_கரை:
மல்டிலுக் வேலை செய்தது, திட்டு முழுதாக விழுகிறது. தடிப்பை அளக்கலாமா? அடுத்த படம் வரும்வரை எங்கே போகும்?

பதில் 3 (வாவிமுனை):
தடிப்பு இந்தப் படத்திலிருந்து வராது, பரப்பு மட்டும்தான். நகர்வுக்கு, நீரோட்டத்தோடு காற்று வேகத்தின் 3 சதவீதத்தைக் கூட்டுங்கள். 6 மீற்றர்/செக்கன் காற்றென்றால் 12 மணித்தியாலத்தில் காற்றால் மட்டும் ஏறக்குறைய 8 கிலோமீற்றர்.

ஒரே செய்மதி அதே தடத்துக்குத் திரும்ப 12 நாள் ஆகும். 2020 செப்ரெம்பரில் இதே சங்கமன்கண்டிக்கு வெளியே நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் எரிந்தபோது கடலில் பரவியது தாங்கியிலிருந்த மசகெண்ணெய் அல்ல, கப்பலின் சொந்த எரிபொருள். டீசல் படலம் அத்தனை நாள் காத்திருக்காது, ஆவியாகிச் சிதறிவிடும். ஆகவே அடுத்த படம் துப்புரவாக இருந்தால் 'முதலில் கண்டது எண்ணெயே இல்லை' என்று எழுதிவிடாதீர்கள்.