யோசுவா 10-ஆம் அதிகாரம்: கவிதையா, வரலாற்றுக் குறிப்பா?

குழுவிலுள்ள சகோதர சகோதரிகளுக்கு அன்பான வணக்கம். எங்கள் சபையின் வாலிபர் வேதபாட வகுப்பில், போரின்போது யோசுவா கட்டளையிட, சூரியன் கிபியோன் ஊரின்மேல் தரித்து நின்றதைச் சொல்லும் யோசுவா 10:12-13 வசனங்களை அடுத்த மாதம் நான் நடத்த வேண்டியிருப்பதால், உங்கள் உதவியை நாடுகிறேன்.

அந்த வரிகள், பழைய எபிரேயப் பாடல் தொகுப்பாகக் கருதப்படும் யாசேரின் புத்தகத்தில் எழுதப்பட்டிருப்பதாக வேதமே சொல்வதாலும், 12-ஆம் வசனத்தின் எபிரேய வினைக்கு 'மௌனமாயிரு' என்ற பொருளும் உண்டு என்பதாலும், அவற்றைப் போர்ப் பாடலாகவே வாசிக்க என் மனம் சாய்கிறது. ஆனால் அடுத்து வரும் உரைநடை, சூரியன் ஏறக்குறைய ஒரு பகல் முழுதும் அஸ்தமிக்கத் தீவிரிக்கவில்லை என்கிறதே! கவிதை எங்கே முடிகிறது என்பதே என் முதல் சந்தேகம்.

எதை உவமையாக, எதை நேரடியாக வாசிப்பது என்ற இதே கேள்வி வேறு வசனங்களிலும் எழுகிறது. பூமி ஆதாரங்கள்மேல் ஸ்தாபிக்கப்பட்டது என்கிறது சங்கீதம் 104:5. அந்தரத்தில் தொங்குகிறது என்கிறது யோபு 26:7. பிந்தையதை விண்வெளி அறிவியலாகவும் முந்தையதை வெறும் உவமையாகவும் கொள்வது நேர்மையாகாது என்பது என் உறுதியான எண்ணம். 1615-இல் வானியலாளர் கலிலேயோ, டஸ்கனியின் கிறிஸ்டினா கோமகளுக்கு எழுதிய கடிதத்தில் யோசுவாவின் இதே பகுதியை விவாதித்தார். அதற்கு முன்பே சபைச் சீர்திருத்தவாதி கால்வின், சூரிய சந்திரரைப் பற்றிய ஆதியாகமம் 1:16-க்கான விளக்கத்தில், மோசே சாதாரண மக்களின் கண்ணுக்குத் தெரிந்தபடியே எழுதினார் என்றார்.

எபிரேயம் கற்றவர்கள் 13-ஆம் வசனத்தின் நடையைப் பற்றியும், இதை வாலிபர்களுக்குக் கற்பித்தவர்கள் அவர்கள் எழுப்பிய கேள்விகளைப் பற்றியும் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள். நேரடிப் பொருளே சரி என்று நம்புகிறவர்களின் விளக்கத்தையும் அதே ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்.