ஆஃபர் லெட்டரில் இல்லாத வேலையைச் செய்ய மறுக்கலாமா?

கணக்கர்: அக்கவுன்ட்ஸ் வேலைக்குச் சேர்ந்தவன் நான். குடோனில் ஒருவர் வேலையை விட்டு நின்றதிலிருந்து ஸ்டாக் எடுப்பதும் என் தலையில். இப்போது சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியையும் ஓட்டச் சொல்கிறார்கள். சம்பளம் அதேதான். லெட்டரில் 'நிர்வாகம் அவ்வப்போது ஒப்படைக்கும் பிற பணிகள்' என்று ஒரு வரி இருக்கிறது. மறுத்தால் வேலை போகுமா?

மேகலா: அந்த வரியைப் படித்துத்தானே சார் கையெழுத்துப் போட்டீர்கள்? ஆள் குறைந்தால் இருப்பவர்கள்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். நான் ஒரு டீமை நடத்துகிறேன். 'இது என் வேலையில்லை' என்று ஒருவர் ஒதுங்கினால், பேசாமல் செய்கிற இன்னொருவர் மேல் அது விழுகிறது. அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

செல்வன்: மேடம், ஆள் எடுக்காதது நிர்வாகம். பழி மறுத்தவர் மேலா? 'பிற பணிகள்' என்றால் பதவியை ஒட்டிய பணிகள். ஸ்டாக்கைச் சரிபார்ப்பது அக்கவுன்ட்ஸை ஒட்டியது, சரி. ஃபோர்க்லிஃப்ட் எங்கே ஒட்டுகிறது? கவிழ்ந்தால் ஓட்டுகிறவரையே நசுக்கும் வண்டி அது. பயிற்சி இல்லாமல் ஏறவே கூடாது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு உடன்படிக்கை எண் 155, பிரிவு 13-ஐப் பாருங்கள். உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான கடும் ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து ஒருவர் விலகினால், அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. 2022-இல் இதை அடிப்படை உடன்படிக்கைகளிலேயே சேர்த்துவிட்டார்கள். உங்கள் நாட்டுச் சட்டத்தில் இது எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள்.

மேகலா: ஃபோர்க்லிஃப்ட்டில் நானும் உங்கள் பக்கம்தான். நான் சொல்வது ஸ்டாக் வேலையை. முடியாது என்று வாயால் சொன்னால் 'உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை' என்று மெமோ வரும். செய்துகொண்டே முறையிடுவதுதான் பாதுகாப்பு.

செல்வன்: முறையிடுவது எழுத்தில் இருக்க வேண்டும், அதுவும் உடனே. மாதக்கணக்கில் வாய் திறக்காமல் செய்தால் 'சம்மதித்துத்தானே செய்தார்' என்பார்கள். மெயிலில் கேளுங்கள்: இது எதுவரை, கூடுதல் ஊதியம் என்ன, என் பழைய வேலையில் எதைக் குறைக்கிறீர்கள்? வாய்மொழியாகச் சொன்ன உத்தரவையும் அதில் எழுதி, உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். வேலை நேரம் தாண்டினால் தேதியோடு குறித்து வையுங்கள், ஓவர்டைம் கேட்க உதவும்.

மேகலா: முதல் மெயிலிலேயே பணத்தைப் பேசினால் மேனேஜர் முகம் மாறிவிடும். அப்ரைசல் வரை பொறுக்கலாம்.

கணக்கர்: ஃபோர்க்லிஃப்ட் முடியாது என்று இன்றே எழுதுகிறேன். ஸ்டாக் வேலை எதுவரை என்றும் கேட்கிறேன். பணத்தையும் சேர்த்தே கேட்பேன் மேடம். இரண்டு ஆள் வேலையை அப்ரைசல் வரை ஒரு சம்பளத்தில் இழுக்க முடியாது.