மறு: ‘ஜம்பிங் ஆன் பாயிண்ட்’ தமிழில் – ‘புகுமுக இதழ்’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

வெகுகாலமாக ஓடும் காமிக்ஸ் தொடருக்குள் புது வாசகர் திணறாமல் நுழையக்கூடிய இதழை ஆங்கிலத்தில் ‘ஜம்பிங் ஆன் பாயிண்ட்’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று மூன்று நாளாக இந்த இழை ஓடுகிறது. ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன், நேற்று இரவு வந்த மடலுக்குப் பிறகு கை சும்மா இருக்கவில்லை.

> குதிப்புப் புள்ளி என்றே வைத்துவிடலாமே. மூலச் சொல்லுக்கு நெருக்கமாக இருக்கிறது.

மூலத்துக்கு நெருக்கம்தான், தமிழுக்குத்தான் தூரம். இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர்ப் பம்புசெட்டுக் கிணறும், பையன்கள் மேலே ஏறி நின்று குதிக்கும் அந்தக் கல்லும்தான் ஞாபகம் வருகின்றன. ஆங்கிலத்தில் ஓடுகிற வண்டியில் ஏறுவதை நினைத்து அப்படிச் சொல்கிறார்கள். நாம் ஓடும் பஸ்ஸில் குதிப்பதில்லை, தொத்திக்கொள்கிறோம். ‘தொத்துமிடம்’ என்று ஒருவர் விளையாட்டாகப் போட்டிருந்தார், உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது, ஆனால் காமிக்ஸ் அட்டையில் அச்சடித்தால் நன்றாகவா இருக்கும்?

> தொடக்க இதழ், அல்லது முதலிதழ். எளிமை, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். என் முக்கியமான ஆட்சேபமே இதுதான். நாம் பெயர் தேடுவது தொடரின் முதல் இதழுக்கு இல்லை. ஐம்பது அறுபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் கதைக்குள் புதிதாக வருகிறவன் எந்த இடத்தில் நுழைந்தால் திணறாமல் படிக்கலாமோ, அந்த இடத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம். அது 1ஆம் எண்ணாக இருக்கலாம், 655ஆகவும் இருக்கலாம்.

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியது அமெரிக்கப் பதிப்பகங்கள்தான். ஒன்றாம் நம்பர் போட்டால் விற்பனை கூடும் என்று கண்டுகொண்ட பிறகு, ஆட்கள் வரவில்லையென்றால் எண்ணை அழித்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பது வழக்கமாகிவிட்டது. அமேசிங் ஸ்பைடர்மேன் 1998இல் 441ஓடு நின்று புதிதாக ஒன்றிலிருந்து கிளம்பியது, 2003இல் பழைய கணக்கையும் சேர்த்துக்கூட்டி 500 என்று போட்டார்கள். சூப்பர்மேன், பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி பதிப்பகம் 2011 ஆகஸ்ட் கடைசி நாளில் தொடங்கிச் செப்டம்பர் முடிவதற்குள் 52 தொடர்களை ஒன்றாம் எண்ணோடு இறக்கியது. 904 வரை வந்திருந்த, சூப்பர்மேன் வரும் ஆக்‌ஷன் காமிக்ஸ்கூட ஒன்றாகிவிட்டது. ஐந்து வருடம் கழித்து 2016இல் அதே தொடர் 957 என்று வந்து நின்றது. கடையில் நிற்கிற புது வாசகனுக்கு இதிலிருந்து என்ன தெரியும்?

அந்த 2011 ஆட்டத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. சூப்பர்மேனுக்குப் பழைய கதையில் பெரும்பகுதி போயிற்று, பேட்மேனுக்கும் கிரீன் லேண்டர்னுக்கும் பெரும்பாலும் அப்படியே இருந்தது. சூப்பர்ஹீரோக்கள் வெளியே தெரியவந்தே ஐந்து வருடம்தான் ஆகிறது என்றும் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் பேட்மேனிடம் உதவிக்கு இருந்த சிறுவர்கள், இத்தனை ராபின்கள், எப்போது வேலை பார்த்தார்கள், எப்போது பெரியவர்களானார்கள்? புது வாசகனுக்காகச் செய்த ஏற்பாட்டில் பழைய வாசகனும் சேர்ந்து குழம்பியதுதான் மிச்சம். அட்டையில் ‘தொடக்கம்’ என்று இருந்தும் உள்ளே தொடக்கம் இல்லை. ஆகவே நம் சொல்லில் ‘முதல்’, ‘தொடக்கம்’, ‘ஆரம்பம்’ எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி.

எண்ணைத் தொடாமல் வாசல் திறந்த முயற்சியும் நடந்திருக்கிறது. 2011இல் ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் பதிப்பகம் ‘பாயிண்ட் ஒன்’ என்று ஒன்று கொண்டுவந்தது. வழக்கமான எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி, ஒரு ஒன்று: 500.1, 654.1. இந்தப் புள்ளியைப் பார்த்தால் உள்ளே வரலாம் என்று அர்த்தம். யோசனை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஸ்பைடர்மேன் 654.1ஐத் திறந்தால் கதை பெரும்பாலும் ஃபிளாஷ் தாம்சன் என்ற துணைப் பாத்திரம் வெனம் என்ற இன்னொரு நாயகனாகிப் போர்க்களம் போவதைப் பற்றியது, அடுத்து வரவிருந்த வெனம் தொடருக்கான முன்னோட்டம். ஸ்பைடர்மேனைத் தேடி வந்தவனை வாசலிலேயே பக்கத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய மாதிரி.

அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. போன விடுமுறையில் என் அலமாரியில் நடுவிலிருந்து ஒரு இதழை உருவிக்கொண்டு போனான். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, “மாமா, இவன் யாரு, ஏன் அழறான்?” என்றான். நான் சொல்ல ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் நடந்தது, அதற்கும் முன்னால் நடந்தது என்று போய், கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஆள் கேரம் போர்டு பக்கம் போய்விட்டான். அவனுக்குத் தேவைப்பட்டது ஒன்றாம் நம்பர் இல்லை, நாலு வரி.

அந்த நாலு வரிக்குப் புதுச்சொல் வேண்டவே வேண்டாம். இதுவரை நடந்ததைச் சுருக்கிச் சொல்லும் ‘ரீகேப் பேஜ்’ என்பதற்கு ‘மீள்நோக்குப் பக்கம்’, ‘மீட்டுரைப் பக்கம்’ என்றெல்லாம் இங்கே பார்த்தேன். வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்த எந்த வீட்டிலும் கேளுங்கள், ‘முன்கதைச் சுருக்கம்’ என்பார்கள். கையில் இருப்பதை விட்டுவிட்டு எதற்குப் புதிது?

இதில் கெட்டிக்காரர் லீ ஃபாக். அவர் 1936இல் தொடங்கிய ஃபாண்டம் (சிலருக்கு மாயாவி, சிலருக்கு வேதாளர்) கதைகளில், பிந்தி வந்தவர்களுக்காக என்று சொல்லி ஒன்றிரண்டு கட்டங்களிலேயே எல்லாம் முடிந்துவிடும்: கடற்கொள்ளையர், கொல்லப்பட்ட தந்தை, மண்டையோட்டின் மேல் எடுத்த சபதம், இப்போது இருப்பவர் 21ஆவது ஆள். அவ்வளவுதான், கதை கிளம்பிவிடும். பழைய வாசகரும் அந்தக் கட்டங்களைத் தாண்டிப் போகமாட்டார், அதுவும் ஒரு சுகம். கூத்தில் இதே வேலையைக் கட்டியங்காரன் செய்வான். விடிய விடிய நடக்கும் கூத்துக்கு ஒரு மணிக்கு வந்து உட்கார்ந்தாலும், வேஷம் கட்டி வருகிறவரை அவன் யார், எந்த நாடு என்று கேட்டுக் கேட்டுச் சொல்ல வைத்துவிடுவான். க்ரிஸ் க்ளேர்மாண்ட் எழுதிய எக்ஸ்-மென் காமிக்ஸில் பாத்திரங்கள் தங்கள் சக்தியைத் தாங்களே அடிக்கடி விளக்கிக்கொள்வதை இப்போது கிண்டல் செய்கிறோம். அது கட்டியம்தான். அந்த உத்திக்கே ‘கட்டியம்’ என்று பெயர் வைக்கலாம், கிண்டலாக இல்லை, நிஜமாகவே சொல்கிறேன்.

சரி, தலைப்புக்கு வருகிறேன்.

> புகுமுகம் என்றால் பி.யூ.சி.தான் நினைவுக்கு வரும். பழைய வாடை.

தமிழ்நாட்டில் 1978இல் ப்ளஸ் டூ வந்ததோடு, பட்டப்படிப்புக்கு முன் கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பு (பி.யூ.சி.) போய்விட்டது, இன்று காமிக்ஸ் வாங்கும் பலருக்கு அந்த வாடை தெரியவே தெரியாது. இலங்கை நண்பர்களுக்குப் பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பு நன்றாகத் தெரிந்த சொல். நினைவுக்கு வந்தால்தான் என்ன? பி.யூ.சி.யில் சேர்ந்தவரை யாரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து திரும்பப் படித்துவிட்டு வா என்று சொல்லவில்லை. பாதியில் ஒரு புது இடத்துக்குள் கால் வைத்தார், அதற்கென்று ஒரு வகுப்பு இருந்தது. நாம் தேடுவதும் இதே பொருள்தானே. ‘முகம்’ துறைமுகத்திலும் கழிமுகத்திலும் செய்கிற வேலையைத்தான் இங்கும் செய்கிறது. புகுமுக இதழ், புகுமுகக் கதை, புகுமுகத் தொகுப்பு என்று எதோடும் ஒட்டும். ‘நுழைவாயில் இதழ்’ தவறில்லை, இணையதள முகப்புகளில் அடிபட்டுத் தேய்ந்துவிட்டது என்பது மட்டும்தான் என் குறை.

இன்னொருவர் கேட்டது நியாயமான கேள்வி: எல்லாக் கதையும் தனியாக நிற்கிற தொடர்களுக்கு இந்தச் சொல் எதற்கு? தேவையில்லைதான். கௌபாய் கதை நாயகன் டெக்ஸ் வில்லர் 1948இலிருந்து வருகிறார், இத்தாலியில் 2019இல் 700ஆவது இதழ் கண்டார், பழைய கதையை அழித்துவிட்டு முதலிலிருந்து கிளம்பவில்லை. இரண்டு மூன்று இதழில் ஒரு கதை முடிந்துவிடும், எங்கே கை வைத்தாலும் வாசல். லயன் காமிக்ஸில் தமிழில் படிக்கிற நம் ஆட்கள் “எதிலிருந்து ஆரம்பிப்பது” என்று கேட்டாலும் டெக்ஸுக்குப் பெரும்பாலும் “எதையாவது எடு” என்பதுதான் பதில். இரும்புக்கை மாயாவிக்குப் பெயர் வைத்தவர்கள் ‘ஸ்டீல் க்ளா’ என்ற மூலப் பெயரில் இருந்த ‘நகம்’ என்பதைக் கட்டிக்கொண்டு அழவில்லை என்பதையும் இங்கே ஞாபகப்படுத்திவிடுகிறேன், குதிப்புப் புள்ளிக்காரர் கோபிக்கக்கூடாது.

சொற்பட்டியலுக்கு நான் எழுதி வைத்திருப்பது:

புகுமுக இதழ் – ஓடிக்கொண்டிருக்கும் தொடரில், முந்தைய இதழ்களைப் படிக்காதவரும் தடையின்றிப் படிக்கத் தொடங்கக்கூடிய இதழ். முதல் இதழாக இருக்க வேண்டியதில்லை. “இந்தத் தொடருக்கு 25ஆம் இதழ்தான் நல்ல புகுமுகம்.”

ஞாயிறு வரை பார்க்கிறேன், ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள். பழைய கதையைப் பின்னால் வந்து மாற்றிச் சொல்லும் ‘ரெட்கான்’ பற்றித் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள், இங்கேயே ‘பின்திருத்தம்’, ‘பொய்த்திருத்தம்’ என்று ஆரம்பித்தால் அடுத்த பொங்கல் வரை போகும்.