ஞாயிறு ராத்திரி 'சிக்னல்மேன்' வாசிப்பு: குடும்ப குரூப்

கவின்: சித்தப்பா, ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்றப்போ டிக்கன்ஸோட 'சிக்னல்மேன்' பேய்க்கதையை வாசிக்கப் போறேன். எவ்வளவு நேரம் ஆகும்?

சுந்தர் சித்தப்பா: அருமையான கதைடா. சுமார் 5,000 சொல், நிதானமா வாசிச்சா 40 நிமிஷம். டிக்கன்ஸ் தான் நடத்தின பத்திரிகையோட 1866 கிறிஸ்துமஸ் சிறப்பிதழுக்குன்னே எழுதினது. அதுக்கு முந்தின வருஷம் ஜூன்ல இங்கிலாந்து ஸ்டேபிள்ஹர்ஸ்ட்ல அவர் வந்த ரயிலே தடம்புரண்டு 10 பேர் செத்துட்டாங்க.

மீனா அத்தை: டிசம்பர்ல லண்டன்ல நாலு மணிக்குள்ள பொழுது சாஞ்சிடும். அதான் அங்கே பேய்க்கதைக்கு அந்த சீசன். பேய்க்கதை எழுத்தாளர் எம். ஆர். ஜேம்ஸ் கேம்பிரிட்ஜ்ல நண்பர்களுக்கு வாசிக்கும்போது ஒரு மெழுகுவர்த்தியை விட்டுட்டு மத்ததெல்லாம் அணைச்சிடுவாராம்.

கவின்: நாமளும் மெழுகுவர்த்தியே வெச்சுக்கலாமா அத்தை?

மீனா அத்தை: எழுத்து தெரியாம தடுமாறுவே கண்ணு. உன் தோளுக்குப் பின்னாடி ஒரு டேபிள் லாம்ப், வெளிச்சம் தாள்ல மட்டும் விழணும். 16 பாயின்ட்ல ஒரு பக்கமா பிரின்ட் எடு, பின் அடிக்காதே. ஒவ்வொண்ணா நகர்த்தினா சத்தமே வராது. போன்ல வேண்டாம், வெளிச்சம் மூஞ்சியில அடிச்சு எல்லாரும் உன்னையே பார்ப்பாங்க. ஃபேனை நிறுத்திடு.

ரம்யா: கதையில வர்ற மணிச் சத்தம் டவுன்லோட் பண்ணிட்டேன் 🔔

சுந்தர் சித்தப்பா: அது மட்டும் வேண்டாம்மா! ரயில்வே சிக்னல்காரர் பேச்சை நிறுத்தி, முகம் வெளுத்து, மணியைத் திரும்பிப் பார்ப்பார். ஆனா கதை சொல்றவர் காதுக்கு மணியே அடிக்கலை. நீ அடிச்சுட்டா, பேயா பிரமையாங்கிற சந்தேகம் அங்கேயே செத்துடும். கதை நிக்கிறதே அதுலதான். அந்த வரி முடிஞ்சதும் மூணு செகண்ட் சும்மா இருங்க.

கவின்: ஆரம்பத்துல கதை சொல்றவர் மேலேர்ந்து சிக்னல்காரரைக் கூப்பிடுறாரே, அதைக் கொஞ்சம் பயங்கரமா வாசிக்கட்டுமா?

சுந்தர் சித்தப்பா: கூடாது. மாடியிலேர்ந்து தெருவுல போறவரைக் கூப்பிடுற மாதிரி சாதாரணமா வாசி. அதே கூப்பாடு கடைசியில வேற ஒருத்தர் வாய்ல வரும். வார்த்தையும் தொனியும் மாறாம இருந்தாதான் கேக்கிறவங்களுக்குத் தூக்கிவாரிப்போடும். அந்தப் பேய் உருவம் இடது கையால முகத்தை மறைச்சு, வலது கை வேகமா ஆட்டுற இடமும் அப்படித்தான். முதல் தடவை மெதுவா வாசி, ஆனா நடிச்சுக் காட்டாதே. அவங்கவங்க மனசுல தெரியட்டும்.

ரம்யா: நடுவுல காபி எப்போ கொடுக்கலாம்?

மீனா அத்தை: முதல் சந்திப்பு முடியுறப்போ, "நாளைக்கு வரும்போது கூப்பிடாதீங்க"ன்னு சிக்னல்காரர் சொல்ற இடத்துல. அதுக்கப்புறம் எங்கேயும் நிறுத்தக் கூடாது, இறுக்கம் போயிடும். குட்டிப் பையனை அந்த இடைவேளையிலேயே தூங்க வெச்சிடு. முடிவுல ரயில்ல அடிபட்டு ஒரு சாவு வருது.

கவின்: சரி அத்தை. நாளைக்கே பிரின்ட் எடுத்து ஒரு தடவை சத்தமா வாசிச்சுப் பார்த்துடறேன்.

சுந்தர் சித்தப்பா: கடிகாரம் வெச்சுப் பாரு. 30 நிமிஷத்துல முடிச்சேன்னா ஓட்டறேன்னு அர்த்தம்.